ஐயா கரண்டியைத் தொடவில்லை

பன்னிரண்டு பேர் இருந்த மேசையில் என்னைப் பெற்ற ஐயா மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

முன்னால் வெள்ளைப் பீங்கான் கோப்பை. (சாப்பிடுகிற தட்டை நாங்கள் கோப்பை என்றுதான் சொல்வோம். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவர்கள் தேநீரை நினைத்துக்கொள்ள வேண்டாம்.) கோப்பையில் சோறு, விளைமீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. வலப்பக்கம் கரண்டி, இடப்பக்கம் முள்ளுக்கரண்டி.

செபம் சொல்லி முடிந்துவிட்டது. தலைமையாசிரியை தன் கரண்டியை எடுத்துவிட்டார். அதைப் பார்த்து மற்றப் பத்துப் பேரும் எடுத்துவிட்டோம். ஐயா எடுக்கவில்லை.

அது வெறும் சாப்பாடு அல்ல. சோதினை.

ஐந்தாம் வகுப்புச் சோதினையில் நான் பாஸ் பண்ணிய கதையைப் போன கிழமை எழுதியிருந்தேன். “அதோடு எல்லாம் சரிவந்துவிட்டதுதானே, பிறகென்ன?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஐயோ ராசா! அது எங்கே சரிவந்தது?

சோதினைக்கு மேல் ஒரு சோதினை இருந்தது. பட்டணத்தைத் தாண்டி, புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த பழைய பெண்கள் பள்ளிக்கூடம் அது. பெயரை எழுத மாட்டேன். அங்கே படித்தவர்களில் பாதிப் பேர் இப்போது ரொறொன்ரோவில் இருந்துகொண்டு ரெலிபோனில் சண்டைக்கு வருவார்கள். விடுதியோடு சேர்த்து ஆறாம் வகுப்பில் இரண்டு இடம் மிச்சம். நாலு பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து வைத்திருந்தார்கள். நாலு பேரையும் தாயோடு அல்லது தகப்பனோடு ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச்சொல்லிக் கடிதம் போட்டார்கள்.

அது சோதினை என்று கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். எழுத்தில் பிள்ளையின் மூளையைப் பார்ப்பார்கள். சாப்பாட்டில் பிள்ளையின் வீட்டைப் பார்ப்பார்கள்.

எனக்கு அந்த இடம் வேண்டும். எங்கள் கரைப் பள்ளிக்கூடத்தில் ஐந்தோடு வகுப்பு முடிந்துவிடும். நெல்லியடியில் பெரிய பள்ளிக்கூடம் இருந்ததுதான். அதற்காகப் பெட்டைப்பிள்ளையைத் தினமும் தனியப் பஸ்ஸில் விடுவார்களா? விடமாட்டார்கள். இடம் கிடைக்காவிட்டால் தை மாதம் தொடக்கம் நான் கருவாட்டுப் பாய்க்குப் பக்கத்தில் இருந்து காகம் கலைக்க வேண்டியதுதான். என் அக்காமார் இரண்டு பேரும் அப்படித்தான் இருந்தார்கள்.

முள்ளுக்கரண்டிக்கு மூன்று பல்

கடிதம் வந்தபோது அம்மா தம்பியைப் பெற்றுப் பத்து நாள். துடக்குக் கழிய இன்னும் மூன்று கிழமை கிடந்தது. அவளால் வாசல் படலையைத் தாண்ட முடியாது. அப்படியென்றால் ஐயாதான் வர வேண்டும்.

“நானோ?” என்றார் ஐயா. “நான் உவையோடை இருந்து என்னத்தைக் கதைக்கிறது?”

“நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம்,” என்று அம்மா அறைக்குள் கிடந்தபடியே சொன்னாள். “போய் மரியாதையாய்ச் சாப்பிட்டிட்டு வாங்கோ. அது காணும்.”

மரியாதையாய்ச் சாப்பிடுவது எப்படி என்று காட்டித்தர எங்களுக்கு ஆள் இருந்தது. அம்மாவின் தம்பி, என் சின்னமாமா, வெளிநாட்டுக் கப்பலில் துரைமாருக்கு மேசை பரிமாறியவர். கால் முறிந்து வீட்டோடு வந்து கிடந்தார். அவரிடம் ஒரு கரண்டியும் ஒரு முள்ளுக்கரண்டியும் இருந்தன. கப்பலில் இருந்து அவை எப்படிக் கரைக்கு வந்தன என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. முள்ளுக்கரண்டியில் ஒரு பல் போய் மூன்றுதான் மிச்சம்.

சோடி ஒன்று, பழக வேண்டியவர்கள் இரண்டு பேர். நானும் ஐயாவும் மாறி மாறிச் சாப்பிட்டோம். காலையில் பிட்டு. முள்ளுக்கரண்டியால் பிட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு.

“இடக்கையாலை தள்ளு, வலக்கையாலை அள்ளு,” என்று சின்னமாமா கட்டிலில் இருந்தபடி கட்டளை போடுவார். “குத்தாதை அத்தான்! உது என்ன, சுறாவே?”

ஐயாவுக்கு வலைக்கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை. கரண்டி அந்தக் கைக்குள் போனால் வெளியே தெரியாது. ஆனால் மனுசன் விடவில்லை. கடலுக்குப் போய்வந்த களைப்போடு குந்தியிருந்து, கரண்டியைப் பிடித்துப் பிடித்துப் பழகினார். எனக்காகத்தான். அது எனக்கு அப்போதும் தெரிந்திருந்தது.

ஒரு நாள் மாமா, மீன் முள்ளை வாயிலிருந்து எப்படி எடுப்பது என்று காட்டினார். துப்பக் கூடாதாம். முள்ளுக்கரண்டியில் மெல்ல விட்டு, கோப்பைக் கரையில் சத்தமில்லாமல் வைக்க வேண்டுமாம்.

ஐயா நல்ல கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “முள்ளை வாய்க்குள்ளை விட்டவன் என்னடாப்பா மீன் திங்கிறவன்?”

அம்மா அறைக்குள் இருந்து சிரித்த சிரிப்பில் தம்பி எழும்பிவிட்டான்.

காற்றுக்கு மேலால் கதைக்கிற சனம்

கரண்டியை விடப் பெரிய வில்லங்கம் ஒன்று இருந்தது. எங்கள் கரையில் யாரும் மெதுவாகக் கதைப்பதில்லை. சண்டை என்று நினைக்காதீர்கள். ஒரு வள்ளத்தில் இருந்து மற்ற வள்ளத்துக்குக் காற்றை மீறிக் கதைத்துப் பழகிய தொண்டை, வீட்டுக்கு வந்தாலும் இறங்காது. ஐயா “உப்பைத் தா” என்றால் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

அம்மா சட்டம் போட்டாள். சாப்பாட்டு நாள் வரைக்கும் வீட்டில் எல்லாரும் குசுகுசுத்துத்தான் கதைக்க வேண்டும். அக்காமாரும் குசுகுசுத்தார்கள். மாமாவும் குசுகுசுத்தார். ஐயா குசுகுசுக்க முயன்று இருமினார்.

பக்கத்து வீட்டுப் பொன்னம்மாக்கா பிள்ளை பார்க்க வந்தவர், முற்றத்திலேயே நின்றுவிட்டார். வீடு அடங்கிக் கிடந்ததைப் பார்த்து முகம் வெளிறிப்போய், “என்னடி, ஆருக்கேனும் ஏதும் நடந்திட்டுதோ?” என்று கேட்டார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சட்டம் அன்றோடு பாதி செத்துப்போனது.

சிவப்புச் சீமெந்து

பஸ்கள் அரசாங்கத்துக்குப் போய்க் கொஞ்ச வருடங்கள்தான் ஆகியிருந்த காலம். நெல்லியடியில் ஏறி, யாழ்ப்பாணத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துப் போனோம். ஐயா சலவை வேட்டியும் சால்வையும். மாமாவின் வெள்ளைச் சேட்டு அவருக்குத் தோளில் இறுக்கமாக இருந்தது. நான் அக்காவின் சட்டையை வெட்டித் தைத்த சட்டை. இரண்டு பேரும் விடிய எழும்பி, கை மணம் போக எலுமிச்சங்காய் தேய்த்துக் குளித்திருந்தோம்.

பள்ளிக்கூட வாசலுக்குள் கால் வைத்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. அதற்கு முதல் நான் கண்ட மிகப் பெரிய கட்டடம் எங்கள் பிள்ளையார் கோவில்தான். இங்கே ஒரு மண்டபம் முடிய இன்னொரு மண்டபம். நிலமெல்லாம் சிவப்புச் சீமெந்து. என் கால் அதில் தெரிந்தது. பிழையாய் மிதித்துவிடுவேனோ என்று பயந்து விரல்களை ஊன்றி நடந்தேன்.

எங்கேயோ ஓர் அறையில் யாரோ பியானோ வாசித்தார்கள். அது பியானோ என்று அப்போது எனக்குத் தெரியாது. பெட்டிக்குள் தண்ணீர் விழுகிறது என்று நினைத்தேன். ஓர் அறையில் தரையில் இருந்து முகடு வரைக்கும் புத்தகம். சத்தியமாய், முகடு வரைக்கும்! அவ்வளவையும் எழுத உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்களா என்று நான் ஐயாவைக் கேட்டேன். “இருப்பினம்,” என்றார் ஐயா. அவரும் வாயைத் திறந்துகொண்டுதான் நின்றார்.

இவை எல்லாவற்றையும் விட ஒரு சின்ன விசயம்தான் என்னை அடித்து விழுத்தியது. ஒடுக்கமான விறாந்தையில் நான் குறுக்கே நின்றேன். புத்தகங்களோடு ஒரு பெரிய பிள்ளை வந்தாள். பதினைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல். எங்கள் பக்கமென்றால் “விலத்தடி” என்று ஒரு இடி விழும். அவளோ நின்று, “மன்னிக்கவேணும், நான் கொஞ்சம் போகலாமோ?” என்று என்னிடம் கேட்டாள்.

என்னிடம்! கடல்காரன் மகளிடம்! பத்து வயதுக்குள் என்னிடம் யாரும் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவள் “நன்றி” என்று சொல்லிவிட்டுப் போனாள். பியானோவையும் புத்தகத்தையும் விட்டுவிடுவேன், இந்தப் பழக்கம் இருக்கிற இடத்தை மட்டும் விடமாட்டேன் என்று அந்த நிமிடத்தில் முடிவெடுத்தேன். இன்று வரைக்கும் ஒரு குழந்தையைக் கடந்து போவதென்றாலும் நான் கேட்டுவிட்டுத்தான் போவேன். கிழவிக்குப் பைத்தியம் என்று பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

“நீங்கள் எவடம்?”

மரியாதைக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. அதையும் அன்றைக்கே கண்டேன்.

எங்களோடு காத்திருந்தவர்களில் பட்டணத்தில் வழக்குப் பேசுகிற பிரக்கிராசியார் ஒருவர். கோட்டும் தலைப்பாகையும். அவருடைய மகள் சுகிர்தம் என் வயது, சப்பாத்துப் போட்டிருந்தாள். பிரக்கிராசியார் ஐயாவைப் பார்த்து நன்றாகச் சிரித்து, “நீங்கள் எவடம்?” என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஊர் தெரிந்தால் தொழில் தெரியும். தொழில் தெரிந்தால் ஆளை எந்த இடத்தில் வைப்பது என்று தெரியும். ஐயா ஊரைச் சொன்னார். பிரக்கிராசியார் “ஆ, சந்தோசம்” என்று சொல்லித் தன் கதிரையைக் கொஞ்சம் அங்கால் தள்ளிப் போட்டுக்கொண்டார். எங்களுக்குக் கால் நீட்ட இடம் விடுகிறார் என்று நினைத்து நான் “நன்றி” சொன்னேன்.

மணி அடித்தது. சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனோம். நாலு பிள்ளைகள், எங்களோடு வந்த நாலு பெரியவர்கள், மூன்று ரீச்சர்மார், தலைமையாசிரியை. அவரை எல்லாரும் பெரிய ரீச்சர் என்றார்கள். மெலிந்த உடம்பு, நரைத்த கொண்டை. சத்தம் போட்டுக் கதைக்கவே மாட்டார். அவர் கதைத்தால் மற்றவர்கள் தாங்களாகவே அடங்கிவிடுவார்கள். அப்படி ஒரு மனுசியை நான் கண்டதில்லை.

குசினியில் சமைத்ததைக் கொண்டுவந்து பரிமாறியவர்கள் இரண்டு பிள்ளைகள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். சட்டை துப்புரவாய் இருந்தது, ஆனால் வெளிறிப்போயிருந்தது. காலில் ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளை ஐயாவுக்குச் சோறு போட வந்தபோது அவர் கேட்டார்:

“பிள்ளை, நீங்கள் சாப்பிட்டாச்சோ?”

அந்தப் பிள்ளை திடுக்கிட்டுப்போனாள். “இல்லை ஐயா. நாங்கள் பிறகு.”

“எத்தினை பேர்?”

“நாங்கள் நாலு பேர். குசினி அக்காவோடை அஞ்சு.”

ஐயா தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் செபம் நடந்தது, பெரிய ரீச்சர் கரண்டியை எடுத்தார், நாங்களும் எடுத்தோம். ஐயாவின் கை மட்டும் மடிக்குப் போனது.

வள்ளத்து ஒழுங்கு

இந்த இடத்தில் நான் கடற்கரைக்கு ஒருதரம் போய்வர வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயாவின் வள்ளத்தில் அவரைத் தவிர ஐந்து பேர். வள்ளத்துக்குப் பொறுப்பு அவர். கரையேறியதும் வாடியில், அதுதான் கரையோர ஓலைக் கொட்டிலில், கூழ் காய்ச்சுவார்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா, நண்டு, மீன் தலை, கைக்கு அகப்பட்டதெல்லாம் போடுகிற கூழ். பனையோலையைக் கோலிக் கட்டிய பிளாவில் ஊற்றிக் குடிப்பார்கள். அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பொறுப்பானவன் முதலில் ஆளாளாய்ப் பார்ப்பான். ஐந்து பேரும் கரைக்கு வந்தாச்சா, ஐந்து பேரின் கையிலும் பிளா இருக்கிறதா. எல்லாரும் குடித்து முடித்த பிறகு பானையடியில் இருப்பது அவனுக்கு. இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ஒரு காலத்தில் வேறொரு வள்ளத்தில், பொறுப்பானவன் ஆளைப் பார்க்காமல் முதல் பிளாவைக் குடித்துவிட்டான். அன்றைக்கு ஓர் ஆள் குறைந்திருந்தது. அந்தக் கதையை நான் எழுத மாட்டேன். குறைந்தவரின் மகள் இன்னும் ஊரில் இருக்கிறாள்.

ஐயா கோவிலுக்குப் போகாத நாள் உண்டு. அம்மாவோடு கதைக்காத நாளும் உண்டு. கடைசியாய்ச் சாப்பிடாத நாள் இல்லை. ஆம்பிளை முந்திச் சாப்பிடுவதுதான் நாட்டு வழக்கம். எங்கள் வீட்டில் “வாங்கோ, ஆறிப்போகுது” என்று அம்மா ஏசி ஏசிக் களைத்துப்போனாள். பிள்ளைகளும் அவளும் சாப்பிட்ட பிறகுதான் அவர் வந்து குந்துவார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு கிழமை முழுக்கக் கரண்டி பிடிக்கப் பழகினோம். இதை ஒருவரும் யோசிக்கவில்லை.

என் குசுகுசுப்பு

பெரிய ரீச்சர்தான் முதலில் கண்டார். “சாப்பிடுங்கோவன்,” என்றார்.

“ஓம் அம்மா. பிள்ளையள் இன்னும் இருக்கினம்,” என்றார் ஐயா. மெதுவாகத்தான் சொல்ல நினைத்தார். காற்றுக்கு மேலால் கதைக்கிற தொண்டை அல்லவா! மண்டபம் முழுக்கக் கேட்டது. பரிமாறுகிற பிள்ளைகள் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“அவை உதவிப் பணத்திலை படிக்கிற பிள்ளையள்,” என்றார் பெரிய ரீச்சர், குரல் உயராமல். “பரிமாறிப்போட்டுப் பிறகு சாப்பிடுவினம். அது இங்கத்தைய ஒழுங்கு.”

“ஒழுங்கு நல்லதுதான் அம்மா. நான் பிழை சொல்லேல்லை. நான் அவையோடை இருந்து சாப்பிடுறன். நீங்கள் எல்லாரும் சாப்பிடுங்கோ, ஆறப்போகுது.”

ஒரு ரீச்சர் கீழே பார்த்தார். பிரக்கிராசியார் சிரித்தபடி, “கடல்காரருக்கு மீன் அலுத்துப்போச்சாக்கும்,” என்றார். மற்றவர்கள் மெல்லச் சிரித்தார்கள். ஐயாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் கை மடியை விட்டு வரவில்லை.

நாலு பேர், இடம் இரண்டு. சுகிர்தம் முள்ளுக்கரண்டியைப் பென்சில் பிடிப்பதுபோல இலேசாய்ப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். என் தகப்பனோ மேசையைக் குழப்பிக்கொண்டு இருக்கிறார். புத்தக அறை போகிறது, பியானோ போகிறது, என்னிடம் வழி கேட்ட அந்தப் பிள்ளையும் போகிறாள். கருவாட்டுப் பாயும் காகமும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. ஐயாவில் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சொல்ல வெட்கமாய் இருந்தாலும் சொல்கிறேன்: இந்த மனுசன் என் தகப்பனாய் இல்லாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அந்தப் பரிமாறுகிற பிள்ளைகளைப்பற்றி நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. இடம் கிடைத்தால் நாளைக்கு அந்த இடத்தில் நிற்கப்போவது நான்தான் என்றும் எனக்கு விளங்கவில்லை. ஐயாவுக்கு விளங்கியிருக்குமோ? தெரியாது. நான் கேட்கவே இல்லை.

அவருடைய சால்வைத் தலைப்பை மேசைக்குக் கீழே பிடித்து இழுத்தேன். வீட்டில் ஒரு கிழமை பழகியும் வராத குசுகுசுப்பு அப்போது அச்சொட்டாய் வந்தது. வேறு ஒருவருக்கும் கேட்கவில்லை.

“ஐயா, எனக்காண்டிச் சாப்பிடுங்கோ.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. பிறகு அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். கணக்கெடுத்தார் என்று நினைக்கிறேன்.

கரண்டியை எடுத்தார். சின்னமாமா காட்டியபடியே எடுத்தார். ஒரு வாய் வைத்தார். விழுங்க நேரம் எடுத்தது. பிறகு இன்னொரு வாய். சோற்றை ஒரு பருக்கை விடாமல் முடித்தார். ஒரு முள்ளும் வாய்க்குள் போகவில்லை.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. சந்தோசத்தில் நான் இரண்டாம் முறை சோறு வாங்கினேன்.

தை மாதம்

சாப்பாடு முடிந்து விறாந்தையில் நின்றபோது பெரிய ரீச்சர் ஒவ்வொருவரிடமாய் வந்தார். எங்களிடம் வந்து, “உங்கடை மகள் வலு வடிவாய்ச் சாப்பிடுறா. கரண்டி பிடிக்க ஆர் பழக்கினது?” என்று கேட்டார்.

“கப்பலிலை வேலை செய்த மச்சான் அம்மா.”

“தை மாதம் கொண்டுவந்து விடுங்கோ,” என்றார். பிறகு ஐயாவை ஒரு மாதிரிப் பார்த்து, “உங்களுக்குச் சாப்பாடு பிடிச்சுதோ?” என்றார்.

“நல்ல சாப்பாடு அம்மா,” என்றார் ஐயா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் ஐயா சொன்னார். கொண்டக்டருக்கு இரண்டு தரம் சொன்னார். “என்ரை மகளுக்குப் பெரிய பள்ளிக்கூடத்திலை இடம் கிடைச்சிருக்கு!” அவர் சந்தோசம் பொய் இல்லை. கண் கலங்கியிருந்தது. நெல்லியடி வரைக்கும் நான் அவர் தோளில் சாய்ந்து நித்திரை கொண்டேன்.

தை மாதம் போய்ச் சேர்ந்தேன். நானும் உதவிப் பணத்தில் படிக்கிற பிள்ளைதான். பரிமாற வேண்டும் என்று தெரிந்துதான் போனேன். முதல் நாள் மண்டபத்தில் ஒரு மட்டையில் பெயர்கள் எழுதித் தொங்கியது. பரிமாறுகிற முறை அது. அதில் என் பெயரும் இருந்தது. பிரக்கிராசியாரின் மகள் சுகிர்தத்தின் பெயரும் இருந்தது. காசு கட்டிப் படிக்கிற பிள்ளைகள், கட்டாமல் படிக்கிற பிள்ளைகள், எல்லாரும் கிழமைக்கு நாலு பேராய் மாறி மாறிப் பரிமாறினோம். செபத்துக்கு முதல் பெரிய ரீச்சர் தினமும் ஒன்று கேட்பார்: “பரிமாறுறவைக்கும் குசினிக்கும் எடுத்து வைச்சாச்சோ?” ஆச்சு என்று பதில் வந்த பிறகுதான் கரண்டியை எடுப்பார்.

போன வருசம் இப்படி இல்லையே என்று பெரிய பிள்ளைகள் ஆச்சரியப்பட்டார்கள். குசினியில் ஆள் காணாது, அதனால்தான் என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம். என் தகப்பனால்தான் என்று நான் எப்படி அடித்துச் சொல்வது?

கன காலத்துக்குப் பிறகு நான் அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போனேன். ஓய்வுபெற்றுப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த பெரிய ரீச்சரிடம், ஒழுங்கு மாறியது ஐயாவாலோ என்று ஒருநாள் துணிந்து கேட்டேன். எண்பது வயது மனுசி, முதுகு வளையாமல் இருந்து என்னைப் பார்த்தார். “உன்ரை ஐயா நல்ல மரியாதை தெரிஞ்ச மனுசன்,” என்றார். “நான் கரண்டியைக் கையிலை எடுத்திட்டன். திருப்பி வைக்க எனக்கு அண்டைக்குத் தெரியேல்லை.” அவ்வளவுதான். பிறகு தேத்தண்ணி ஆறுகிறது என்று பேச்சை மாற்றிவிட்டார். அந்த மனுசியை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை தானாய்க் குவியும்.

அடுத்த நாள் கரையில்

சாப்பாட்டுக்கு அடுத்த நாளைப்பற்றி நான் இதுவரைக்கும் ஒருவருக்கும் சொன்னதில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை.

மத்தியானம் ஒரு செம்பில் மோர் தந்து அம்மா என்னைக் கரைக்கு அனுப்பினாள். எனக்கும் போக ஆசைதான். வள்ளத்துக்காரர் எல்லாரும் என்னைப் பார்த்து மெச்சுவார்கள் அல்லவா. நான் போனபோது வாடிக்கு வெளியே ஐந்து பேரும் வட்டமாய்க் குந்தியிருந்து கூழ் குடித்து முடித்திருந்தார்கள். ஐயா எனக்கு முதுகு காட்டி நின்றார். வள்ளத்தில் மூத்தவர் நாகமணி அண்ணை. அவர் பானையைச் சரித்து, அடியில் இருந்ததை ஒரு பிளாவில் வார்த்து ஐயாவிடம் நீட்டினார். நல்ல நிறைந்த பிளா.

“எனக்கு வேண்டாம்,” என்றார் ஐயா. “உதை நீங்கள் பிரிச்சுக் குடியுங்கோ.”

“ஏன், உடம்புக்கு வருத்தமோ?”

“இல்லை. நேற்றைக்கு நான் முந்திச் சாப்பிட்டிட்டன்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. வெளியாட்களுக்கு இது ஒரு விசயமாய்த் தெரியாது. அந்த ஐந்து பேருக்கும் அது எவ்வளவு பெரிய சொல் என்று தெரியும்.

“எங்கை?” என்று நாகமணி அண்ணை கேட்டார்.

“பள்ளிக்கூடத்திலை. அஞ்சு பேர் பசியோடை நிக்க, நான் இருந்து திண்டிட்டன்.”

“அங்கை ஆரும் கட்டாயப்படுத்தினவையோ?”

நான் செம்பைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றேன். நான் வந்தது அவருக்குத் தெரியாது. என்னைச் சொல்லப்போகிறார் என்று பயந்தேன்.

“சீச்சீ. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை,” என்றார் ஐயா. “எனக்குப் பசிச்சுது.”

நாகமணி அண்ணை பிளாவைக் கீழே வைத்துவிட்டு ஐயாவைப் பார்த்தார். அதற்கு முன்னும் பின்னும் ஐயாவை அவர் அப்படிப் பார்த்ததை நான் காணவில்லை. அந்தப் பார்வையை ஐயா வாங்கிக்கொண்டு நின்றார். நான் முன்னுக்குப் போய் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மோரை மணலில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிப்போனேன்.

நாகமணி அண்ணையும் போய்விட்டார், மற்ற நாலு பேரும் போய்விட்டார்கள். ஐயா போயும் கன வருடமாகிறது. அவர்களுடைய பிள்ளைகள் இந்தப் பத்திரிகையை வாங்குகிறார்கள் என்று தெரியும். அவர்களுக்குச் சொல்கிறேன். அன்றைக்கு ஐயாவுக்குப் பசிக்கவில்லை. நான்தான் சாப்பிடச் சொன்னேன்.